ஆபீஸ் வைஃபையில் ஹேண்ட்செட் அழைப்புகள் வெட்டாமல் ஓட

ஸ்பீடு டெஸ்ட் 300 எம்பிபிஎஸ் காட்டுகிறது. அதே இடத்தில் நின்று வைஃபை ஹேண்ட்செட்டில் (வைஃபை வழியாக ஆபீஸ் ஃபோன் சர்வரோடு இணையும் கையடக்க ஃபோன்) பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறது. இதில் முரண் எதுவும் இல்லை. குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவைப்படாது, ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ் போதும். அதற்கு வேண்டியது, தன் முறை தவறாமல் கிடைப்பது. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 200 பைட் பாக்கெட் ஒன்று கிளம்பியாக வேண்டும். நொடிக்குப் போக 50, வர 50.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். பாக்கெட் 1,500 பைட்டாக இருந்தாலும் 200 பைட்டாக இருந்தாலும், சேனல் காலியாகும்வரை காத்திருந்து, அனுப்பி, ஒப்புகை வாங்க வேண்டும். பாக்கெட் சின்னது என்பதற்காக இந்தச் செலவு குறைவதில்லை. ஆகவே ஹேண்ட்செட் அழைப்புகளை நிர்வகிப்பது என்றால் காற்று நேரத்தைப் பங்கிடுவதுதான். கீழே வரும் செட்டிங்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கில்தான் போய்ச் சேரும்.

எட்ட வேண்டிய அளவுகள்: வாயிலிருந்து காதுவரை ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் (இது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை), ஜிட்டர் (பாக்கெட்டுகள் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள். கோடெக்கும் ஜிட்டர் பஃபரும் (முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும் இடம்) அந்த 150-இல் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வைஃபைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

முதலில் காற்று

குரலை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து ஆபீஸின் வைஃபை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸிலும் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 80 வைத்தால் லேப்டாப்காரர்களுக்குச் சந்தோஷம், குரலுக்கு ஒரு பயனும் இல்லை. அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி வாங்கும் இரைச்சல் 3 டெசிபல் ஏறும், கையில் இருக்கும் சேனல்களும் பாதியாகும். சேனல் குறைந்தால் பக்கத்துப் பக்கத்து ஏபிகள் (அக்சஸ் பாயின்ட், வைஃபை சிக்னல் தரும் பெட்டி) ஒரே சேனலைப் பகிர நேரும். அப்போது இரண்டு ஏபி இருந்தும் ஒன்றின் காற்று நேரம்தான் கிடைக்கும்.

ஹேண்ட்செட் போகக்கூடிய எல்லா இடத்திலும் சிக்னல் -67 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்) குறையக் கூடாது; இரைச்சலைவிட 25 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். அதே இடத்தில் இன்னொரு ஏபியும் -70 அளவில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ரோமிங்குக்கு (பேசிக்கொண்டே ஒரு ஏபியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) போக இடமில்லை. டேட்டாவுக்காகப் போட்ட வைஃபையில் -75 உள்ள மூலைகள் தாராளமாக இருக்கும். மெயில் அங்கே ஓடும், குரல் ஓடாது.

ஏபியின் பவரை ஹேண்ட்செட்டின் பவரோடு பொருத்துவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏபி 20 டிபிஎம்மில் கத்துகிறது, ஹேண்ட்செட் 14 டிபிஎம்மில்தான் பதில் சொல்ல முடியும் என்றால், திரையில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும். எதிர்முனையில் இருப்பவர் மட்டும் "கேட்கலை, கேட்கலை" என்பார். ஹேண்ட்செட்டின் தொழில்நுட்பத் தாளில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு என்ன அதிகபட்ச பவர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஏபியின் தானியங்கி பவருக்கு அதையே மேல்வரம்பாக வையுங்கள். கவரேஜ் ஓட்டையை அடைக்கப் பவரை ஏற்றாதீர்கள், ஏபியைக் கூட்டுங்கள்.

குறைந்த டேட்டா ரேட்டுகளையும் நிறுத்திவிடலாம். 6, 9 இரண்டையும் அணைத்து 12 எம்பிபிஎஸ்ஸைக் கட்டாய ரேட்டாக வைத்தால், பீக்கன்கள் (ஏபி தான் இருப்பதை அறிவிக்கும் சின்னச் செய்திகள்) சீக்கிரம் முடியும். தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகள் பக்கத்து ஏபிக்கு நகரும். ஏபிகள் ஏற்கெனவே தள்ளித் தள்ளி இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கவரேஜில் ஓட்டை விழும். எஸ்எஸ்ஐடிகளை (வைஃபை பெயர்கள்) நான்குக்குள் அடக்குங்கள். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் நொடிக்குப் பத்துத் தரம் பீக்கன் போடும், அதுவும் இருப்பதிலேயே மெதுவான கட்டாய ரேட்டில்.

ரேடாருடன் பகிரும் சேனல்கள் (52 முதல் 144 வரை) தனிக் கதை. ரேடார் கேட்டால் ஏபி அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், புதிதாக ஒன்றில் நுழையுமுன் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்க்க வேண்டும். அதைவிடத் தொந்தரவு ரோமிங்கில் வரும். இந்தச் சேனல்களில் ஹேண்ட்செட் தானாகக் குரல் கொடுத்து ஏபியைத் தேட முடியாது. பீக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு சேனலுக்கு 100 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். 36 முதல் 48 வரையும், உங்கள் நாட்டு விதி இடம் கொடுத்தால் 149-க்கு மேற்பட்டவையும் போதுமானால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டடம் பெரிது, அவை போதவில்லை என்றால், ரேடார் சேனல்களில் இரண்டு மூன்றை மட்டும் சேர்த்து, ஹேண்ட்செட் தேட வேண்டிய பட்டியலையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

சர்வேயை (இடம் இடமாகச் சிக்னலை அளப்பது) லேப்டாப்பில் எடுத்துவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள். ஹேண்ட்செட்டின் ஆன்டெனா சின்னது, காதில் வைத்தால் ஒரு பக்கம் தலை மறைக்கும், இடுப்பில் செருகினால் உடம்பே மறைக்கும். பெரும்பாலான ஹேண்ட்செட்களில் சர்வே மோடு மெனுவிலேயே இருக்கிறது. ஒரு அழைப்பைப் போட்டபடி நடங்கள்: படிக்கட்டு, லிஃப்ட் முகப்பு, ஸ்டோர் ரூம், கழிப்பறை. தீத்தடுப்புக் கதவைத் திறந்து வைத்து அளக்காதீர்கள், மூடிய நிலையில் அளங்கள். குரல் உடைவது பெரும்பாலும் அந்தக் கதவைத் தாண்டிய மூன்றாவது அடியில்தான்.

முன்னுரிமை: 46 எப்படி 5 ஆகிறது

வைஃபையின் முன்னுரிமை முறையான டபிள்யூஎம்எம் நான்கு வரிசைகள் வைத்திருக்கிறது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. சேனல் காலியானதும் ஒரு கருவி எத்தனை ஸ்லாட் (மிகச் சிறிய நேரத் துண்டு) தள்ளிக் கிளம்பலாம் என்பதை வரிசைதான் முடிவு செய்கிறது. முதல் முயற்சியில் குரல் வரிசைக்கு 0 முதல் 3 ஸ்லாட், வீடியோவுக்கு 0 முதல் 7, சாதாரணத்துக்கு 0 முதல் 15. மோதல் வந்து திரும்ப முயலும்போது சாதாரண வரிசை 1023 வரை போகும், குரல் 7-ஐத் தாண்டாது. ஆக, பாக்கெட் சரியான வரிசையில் ஏறினாலே பாதி வேலை முடிந்தது.

அங்கேதான் ஒரு பழைய பொறி இருக்கிறது. ஐபி உலகில் குரலின் டிஎஸ்சிபி மதிப்பு (பாக்கெட்டின் தலைப்பில் எழுதும் முன்னுரிமை எண்) 46, இரும எண்ணில் 101110. வைஃபை முன்னுரிமைக்கு 0 முதல் 7 வரை மூன்று பிட்தான். பல கருவிகள் முதல் மூன்று பிட்டை அப்படியே வெட்டி எடுத்துக்கொள்ளும்: 101, அதாவது 5. வைஃபையில் 5 என்பது வீடியோ வரிசை. குரல் வரிசை 6-இலும் 7-இலும்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக மார்க் செய்த பிறகும் குரல் வீடியோ மீட்டிங்கோடு முட்டி மோதுவது இதனால்தான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இந்த மாற்றத்தை 46-க்கு 6 என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் கன்ட்ரோலரில் (ஏபிகளை நிர்வகிக்கும் கருவி) கியூஓஎஸ் (முன்னுரிமை) மேப்பிங் என்ற பகுதியைத் திறந்து, 46-க்கு எதிரே என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

செய்யும் வரிசை இது:

1. ஃபோன் சர்வரிலும் ஹேண்ட்செட்டிலும் ஆர்டிபி குரலுக்கு (குரல் பாக்கெட்டுகள்) 46, எஸ்ஐபி சிக்னலிங்குக்கு (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் செய்திகள்) 24 (அல்லது உங்கள் சிஸ்டம் சொல்லும் மதிப்பு) என்று வையுங்கள்.

2. ஏபி, ஃபோன் சர்வர், அப்லிங்க் மாட்டியிருக்கும் சுவிட்ச் போர்ட்கள் எல்லாவற்றிலும் வரும் டிஎஸ்சிபியை நம்பச் சொல்லுங்கள். சில சுவிட்ச்கள் நம்பச் சொல்லாதவரை எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும். வழியில் ஒரே ஒரு போர்ட் விட்டுப்போனாலும் அதற்கப்புறம் மார்க்கிங் கிடையாது.

3. குரல் எஸ்எஸ்ஐடிக்கு டபிள்யூஎம்எம்மைக் கட்டாயமாக்கி, குரல் தரத்துக்கான கியூஓஎஸ் புரொஃபைலைக் கொடுங்கள்.

4. 46-ஐ 6-க்கு மாற்றுங்கள்.

5. ஒரு அழைப்பைப் போட்டு, காற்றிலும் வயரிலும் ஒரே நேரத்தில் கேப்சர் எடுத்து வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) பாருங்கள். வயரில் ஐபி தலைப்பில் 46, காற்றில் 802.11 கியூஓஎஸ் தலைப்பில் 6. இரு திசையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏபியிலிருந்து ஹேண்ட்செட்டுக்கு வருவதன் வரிசையை ஏபி முடிவு செய்கிறது. ஹேண்ட்செட்டிலிருந்து போவதை ஹேண்ட்செட்டே முடிவு செய்கிறது. ஹேண்ட்செட் வைத்திருப்பவர் "அவர் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றால் வயர் பக்கமும் ஏபி மேப்பிங்கும் முதல் சந்தேகம். எதிர்முனையில் இருப்பவர்தான் குறை சொல்கிறார் என்றால் ஹேண்ட்செட் மார்க்கிங்கையும் பவர் பொருத்தத்தையும் பாருங்கள்.

ஒரு ஏபியில் எத்தனை அழைப்பு?

சேனலில் வேறு யாரும் இல்லாவிட்டால் நிறைய. ஆனால் அப்படி ஓர் ஆபீஸ் கிடையாது. லேப்டாப்களும் கலந்த நெட்வொர்க்கில் ஒரு ஏபிக்கு 10 முதல் 12 அழைப்பு என்று திட்டமிட்டு, பிறகு அளந்து பார்த்து ஏற்றுவது பாதுகாப்பான வழி. சேனல் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்டி நிலைத்து நிற்கிறதென்றால், அழைப்பு நான்கே இருந்தாலும் அந்த ஏபி நிரம்பிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரே ஏபியில் இருக்கும் இரண்டு ஹேண்ட்செட்கள் தங்களுக்குள் பேசினால் காற்றில் அது இரண்டு அழைப்பு. ஒவ்வொரு பாக்கெட்டும் ஏறி, திரும்ப இறங்க வேண்டும். நொடிக்கு 200 பாக்கெட். சிக்கனமான ஜி.729 கோடெக்குக்கு மாறினால் மிச்சமாகும் என்று நினைப்பார்கள். வயரில் 80 கேபிபிஎஸ் 24 ஆகும்தான், ஆனால் பாக்கெட் எண்ணிக்கை அதே 50. காற்றில் லாபம் சொற்பம், குரல் தரம் மட்டும் இறங்கும்.

வரம்பு வைக்க அனுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. அழைப்பு தொடங்கும்போது ஹேண்ட்செட் தனக்கு இவ்வளவு காற்று நேரம் வேண்டும் என்று ஏபியிடம் கேட்கும். இடமிருந்தால் ஏபி கொடுக்கும், இல்லாவிட்டால் மறுக்கும். பதினோராவது அழைப்பை மறுப்பது கடுமையாகத் தோன்றலாம். மறுக்காவிட்டால் பதினோரு பேருக்கும் குரல் உடையும். சிஸ்கோ கன்ட்ரோலர்களில் முன்னிருப்பாகக் குரலுக்கு 75 சதவீத வரம்பும், அதில் ரோமிங்கில் வருபவர்களுக்கு 6 சதவீத ஒதுக்கீடும் இருக்கும். அந்த ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்காதீர்கள். பேசிக்கொண்டே நடந்து வருபவரின் அழைப்பு அறுவதைவிட, புதிதாக டயல் செய்பவருக்கு பிஸி கேட்பது மேல். காற்றில் உள்ள உண்மையான சுமையைப் பார்த்து முடிவெடுக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் எண்ணிக்கையைப் பார்க்கும் வகைக்குப் பக்கத்து ஏபியின் இரைச்சல் தெரியாது.

இதை ஆன் செய்யுமுன் எல்லா ஹேண்ட்செட் மாடலும் இந்தக் கேட்டு வாங்கும் முறையை ஆதரிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏபி கட்டாயமாக்கிய பிறகு கேட்கத் தெரியாத கருவி குரல் வரிசையைத் தொடக் கூடாது என்பது விதி. அது தானாகக் கீழ் வரிசைக்கு இறங்கிவிடும். அழைப்பு நடக்கும், ஆனால் முன்னுரிமை இல்லாமல் நடக்கும். பழைய மாடல் பத்தும் புது மாடல் ஐம்பதும் கலந்திருக்கும் இடங்களில் அந்தப் பத்து மட்டும் ஏன் மோசம் என்று தேடித் தேடிச் சலிப்பார்கள்.

ரோமிங்

எப்போது, எந்த ஏபிக்கு மாறுவது என்று முடிவு செய்வது ஹேண்ட்செட்தான். நெட்வொர்க்கால் செய்ய முடிவது அதற்கு வழியைச் சுலபமாக்குவது. 802.1எக்ஸ் பாதுகாப்பில் (ஒவ்வொரு கருவியையும் ரேடியஸ் என்ற சர்வர் சரிபார்க்கும் முறை) ஒவ்வொரு தாவலிலும் முழுச் சரிபார்ப்பு நடந்தால் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் போகும், ரேடியஸ் சர்வர் தொலைவில் இருந்தால் ஒரு நொடிகூட ஆகலாம். வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் இருந்தால் அது 50 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். பழைய ஹேண்ட்செட் சில, 802.11ஆர் ஆன் செய்த எஸ்எஸ்ஐடியில் சேரவே மறுக்கும். அவற்றுக்குக் கலப்பு மோடோ தனி எஸ்எஸ்ஐடியோ வேண்டும். 802.11கே-யையும் ஆன் செய்யுங்கள், பக்கத்து ஏபிகளின் பட்டியல் கையில் கிடைத்தால் ஹேண்ட்செட் எல்லாச் சேனலையும் துழாவ வேண்டியதில்லை.

குரல் எஸ்எஸ்ஐடியில் லோட் பேலன்சிங் (கருவிகளை ஏபிகளுக்கிடையே பரப்புவது), பேண்ட் ஸ்டீயரிங் (5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமே முதல் கோரிக்கையை வேண்டுமென்றே மறுத்துப் பார்க்கும் உத்திகள். உலாவுபவருக்கு அது தெரியாது, பேசுபவருக்கு அரை நொடி மௌனம். ஏபிகள் இடையிடையே வேறு சேனலுக்குப் போய் நோட்டம் விடுவதையும் குரல் ஓடும்போது தள்ளிப்போடச் சொல்லுங்கள். மாடி மாறினால் ஐபி முகவரி மாறும்படி வீலேன் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி) பிரித்திருந்தால் ரோமிங்கில் அழைப்பு அறுந்துவிடும். குரல் வீலேன் கட்டடம் முழுக்க ஒன்றாகவோ, கன்ட்ரோலருக்கு டன்னலாகவோ இருக்கட்டும்.

பேட்டரி விஷயம் சுருக்கமாக: யூ-ஏபிஎஸ்டி (பேட்டரி சேமிப்பு முறை) ஆன். ஹேண்ட்செட் தன் பாக்கெட்டை அனுப்ப விழிக்கும்போதே, காத்திருப்பதையும் ஏபி கொடுத்துவிடும். நடுவில் ரேடியோ தூங்கலாம். டிடிஐஎம் மதிப்பு (எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை பொதுச் செய்திகள் வரும் என்பது) 1 அல்லது 2, தயாரிப்பாளர் சொல்வது எதுவோ அது. 3 வைத்தால் குரூப் பேஜிங், ஏஆர்பி (முகவரி தேடும் செய்தி) போன்றவை சுமார் 300 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கும்.

ஃபோன் சர்வர் பக்கம்

மேசை ஃபோனுக்கு வைத்த மதிப்புகளை ஹேண்ட்செட்டுக்கும் வைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. பதிவு காலாவதி (ஹேண்ட்செட் சர்வரிடம் செய்த பதிவு செல்லும் நேரம்) 3,600 விநாடி என்று இருந்தால், ஹேண்ட்செட்காரர் கட்டடத்தை விட்டுப் போன பிறகும் ஒரு மணி நேரம் வரை சர்வர் அவர் உள்ளே இருப்பதாகவே நம்பும். அழைப்பவருக்கு 32 விநாடி வரை ஒன்றுமே கேட்காது. ஹேண்ட்செட்களுக்கு மட்டும் இதை 120 முதல் 300 விநாடிக்குள் கொண்டுவாருங்கள். பதில் இல்லாதபோது, பிஸியின்போது, பதிவு இல்லாதபோது என்ற மூன்று ஃபார்வர்டுகளையும் தனித்தனியாக நிரப்புங்கள். பலரும் முதல் இரண்டோடு நிறுத்துகிறார்கள். கையோடு எடுத்துப் போகும் ஃபோனுக்கு மூன்றாவதுதான் அதிகம் வேலை செய்யும். ரிங் குரூப்பில் ஒரே ஏபியின் கீழ் இருக்கும் இருபது ஹேண்ட்செட்டையும் ஒன்றாக அடிக்க விடாதீர்கள், நாலைந்தாகப் பிரித்து வரிசையாக அடிக்கச் சொல்லுங்கள்.

புகார் வந்தால்

எத்தனை நேரத்தில் அறுந்தது என்று முதலில் கேளுங்கள். சரியாக 32 விநாடியில் அறுந்தால் வைஃபையைத் தொட வேண்டாம்: எஸ்ஐபி ஒப்புகைச் செய்தி ஒரு பக்கம் சேரவில்லை, சர்வர் காத்திருந்து கைவிட்டது. ஃபயர்வாலில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி செய்திகளை நடுவில் திருத்தும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் ஒழுங்காக அறுந்தால் செஷன் டைமர் புதுப்பிப்பு (அழைப்பு இன்னும் நடக்கிறது என்று உறுதி செய்யும் செய்தி) எங்கோ தடுக்கப்படுகிறது. நேரம் மாறி மாறி, ஆனால் ஒரே இடத்தில் அறுந்தால்தான் அது காற்றுப் பிரச்சினை.

மேசை ஃபோனோடு பேச முடிகிறது, இரண்டு ஹேண்ட்செட்கள் தங்களுக்குள் பேசினால் மணி அடிக்கிறது, எடுத்தால் நிசப்தம் என்றால் எஸ்எஸ்ஐடியில் கிளையன்ட் ஐசொலேஷன் ஆனாகியிருக்கிறது. சிக்னலிங் சர்வர் வழியாகப் போவதால் மணி அடிக்கும். குரல் ஹேண்ட்செட்டிலிருந்து ஹேண்ட்செட்டுக்கு நேராகப் போக முயன்று தடுக்கப்படும். விருந்தினர் எஸ்எஸ்ஐடியைக் காப்பி எடுத்துக் குரல் எஸ்எஸ்ஐடி உருவாக்கினால் இது அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு காலை எல்லா ஹேண்ட்செட்டும் ஒன்றாக நெட்வொர்க்கை விட்டு விழுந்தால் நெட்வொர்க் சரிபார்ப்புச் சான்றிதழின் காலாவதியைப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பேட்டரி முழுக்க இறங்கி மீண்டும் ஏற்றிய பிறகு சேர மறுத்தால், அவற்றின் கடிகாரம் பின்னால் போயிருக்கலாம். நேரம் தவறினால் சான்றிதழும் செல்லாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் புதிதாக ஆன் செய்தவை மட்டும் சேரவில்லை என்றால் டிஎச்சிபி சர்வர் கொடுக்கும் ஐபி முகவரிகள் தீர்ந்திருக்கும்.

ஏபி அல்லது ஹேண்ட்செட் ஃபர்ம்வேரை மாற்றும்போது இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஒரு மாடியில் ஐந்து ஹேண்ட்செட்டில் ஏற்றி, சர்வே நடந்த அதே பாதையில் அழைப்போடு நடந்து, ரோமிங் நேரத்தையும் மறுமுயற்சி விகிதத்தையும் பழைய எண்களோடு ஒப்பிட்ட பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். மேப்பிங் பக்கத்தையும் அப்போது மறுபடி திறந்து பாருங்கள். அப்கிரேடுக்குப் பின் 46-க்கு எதிரே திரும்ப 5 வந்து உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.